வெள்ளிக்கிழமை மாத்திரை

எங்கள் தெருமுனையில் தைக்கிற பர்மாக்காரியோடு ஒருநாள் பெரிய சண்டை போட்டேன். பெருநாளைக்கு உடுத்த அவளிடம் ஒரு தமேன் தைக்கக் கொடுத்திருந்தேன். இங்கே பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் லுங்கிக்குத் தமேன் என்று பேர். கட்டிப் பார்த்தால் கரை தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது. பதினைந்து வருடமாக எனக்குத் தைக்கிறவள் இந்த முறை அசட்டையாக வெட்டிவிட்டாள் என்று எனக்கு ஆத்திரம். கடையில் நாலு பேர் நிற்கும்போதே சத்தம் போட்டேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. பழைய நோட்டைப் புரட்டி என் அளவைக் காட்டினாள், துணியை அளந்து காட்டினாள், இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அப்புறம் என்னைச் சுவரோரம் நிற்கவைத்து டேப்பைப் பிடித்தாள்.

"துணி சரியாத்தான் இருக்கு, அன்ட்டி. நீங்கதான் கொறஞ்சிருக்கீங்க" என்று பர்மியில் சொன்னாள்.

இரண்டு அங்குலம் குறைந்திருந்தேன். வயதாகிறது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தமேனை இடுப்பில் ஒரு மடிப்பு கூடுதலாகச் செருகிக்கொண்டேன். அவளிடம் மன்னிப்பு கேட்கவில்லை. அந்தக் குணம் எனக்குக் குறைவு.

அப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. இரண்டாயிரமாவது வருடம் பிறந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. ரங்கூனில், தாமுவே பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் இருந்தோம். ஒரே மகள் கல்யாணமாகி மிங்கலாடோன் பக்கம் போய்விட்டாள். அவருக்கு மார்க்கெட்டில் கண்ணாடிச் சாமான் கடை. காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்தாக வேண்டும் என்பதில் மனிதர் அத்தனை கண்டிப்பு. எங்கள் கல்யாணத்துக்கு மறுநாள்கூட ஒன்பது மணிக்குத் திறந்தார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தமேன் சண்டை நடந்து இரண்டு மாதம் இருக்கும். கரண்ட் வந்தால்தான் மோட்டார் ஓடும் என்பதால் வந்த நேரத்தில் தண்ணீரைப் பிடித்து நிரப்பி வைப்போம். அப்படி ஒருநாள் வாளியைத் தூக்கியபோது நடுமுதுகில் ஏதோ படக்கென்றது. வலி என்று சொன்னால் போதாது. வாளியை விடவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து நின்று அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் முதல் முறையாக அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

எங்களைப் பார்த்த டாக்டர் ஒரு பர்மியப் பெண்மணி. இங்கே பெண் டாக்டரைச் சயாமா என்றுதான் கூப்பிடுவோம். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்பில் ஒரு கட்டை, மேலே யாரோ உட்கார்ந்துவிட்ட தீப்பெட்டி மாதிரி ஒரு பக்கம் அமுங்கிக் கிடந்தது. எலும்பு மெலிந்து உள்ளே ஓட்டை விழுந்துவிட்டது என்றார். முன்பே மெல்ல மெல்ல அமுங்கத் தொடங்கியதால்தான் உயரமும் குறைந்ததாம். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேள்வி. மாதவிலக்கு நின்று எத்தனை வருடம்? பால் குடிப்பீர்களா? உடம்பில் வெயில் படுமா?

கடைசிக் கேள்விக்கு என்னை முந்திக்கொண்டு என் வீட்டுக்காரர் பதில் சொன்னார். "நான் இவ மேல வெயில் பட விட்டதே இல்ல, சயாமா."

அதைப் பெருமையாகத்தான் சொன்னார். எங்கள் ஆட்களில் அது பெருமைதான். மனைவியை வெயிலில் அலையவிடாமல் வைத்திருப்பவன் நல்ல சம்பாத்தியக்காரன் என்று கணக்கு. எனக்கும் அதில் பெருமை இல்லாமல் இல்லை. திரை போட்ட ஜன்னல், வெளியே போனால் குடை, போதாததற்குக் கை முகமெல்லாம் மரப்பட்டையை அரைத்துப் பூசும் தனக்கா. சயாமா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வெயில் இல்லாமல் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து சேராது என்று மெதுவாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முப்பது வருடமாக எலுமிச்சை ஊறுகாய்க்கு நாள் தவறாமல் வெயில் காட்டியிருக்கிறேன். கையை மட்டும் பால்கனிக்கு நீட்டி ஜாடியை வைத்துவிட்டு வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்வேன்.

அன்றிலிருந்து என் சாப்பாடு மாறியது. முள்ளோடு மெல்லக்கூடிய சின்ன மீன், எள்ளு, முருங்கைக் கீரை, சோயாக்கட்டி, தயிர். உப்பைக் குறை, டீயைக் குறை. இரண்டு வேளையும் சாப்பாட்டோடு கால்சியம் மாத்திரை, அதற்கு மேல் வாரத்துக்கு ஒரு வைட்டமின் டி. காலையில் அரை மணி நேரம் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு பால்கனியில் உட்கார வேண்டும். எதிர் வீட்டு ஆண்கள் பார்ப்பார்களே என்றதற்கு, அவர் பழைய லுங்கி ஒன்றைப் பக்கவாட்டில் கட்டிவிட்டார். நானும் என் ஊறுகாய் ஜாடிகளும் வரிசையாகக் காய்ந்தோம்.

இத்தனைக்கும் மேலே, எலும்பு கரைவதைத் தடுக்கிற பெரிய மருந்து ஒன்று. வாரத்தில் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மாத்திரை. சென்னையிலிருந்து கொழுந்தனார் யாராவது வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார். அதற்குச் சட்டம் அதிகம். எழுந்தவுடன் வெறும் வயிற்றில், ஒரு பெரிய கிளாஸ் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அதற்கப்புறம் அரை மணி நேரம் வேறெதுவும் வாயில் படக்கூடாது. படுக்கக் கூடாது, குனியக் கூடாது, நிமிர்ந்தே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து தொண்டைக் குழாயிலேயே தங்கிப் புண்ணாக்கிவிடும். மறக்காமல் இருக்க வெள்ளிக்கிழமையை வைத்துக்கொண்டோம். அந்த அரை மணி நேரம் அவரும் டீ குடிக்காமல் எதிரில் உட்கார்ந்திருப்பார். நீங்கள் குடித்தால் என்ன என்று கேட்பேன். எனக்கு அவசரமில்லை என்பார். டீ இல்லாமல் கண்ணைத் திறக்காத மனிதர்.

இதையெல்லாம் நான் ஒழுங்காகச் செய்தேன். செய்ய முடியாதென்று மனதுக்குள் முடிவு கட்டியது ஒன்றே ஒன்றுதான். இடுப்பிலிருந்து முன்னால் வளையக் கூடாது, வளைந்தால் அடுத்த கட்டையும் அமுங்கும், இனி நாற்காலியில் உட்கார்ந்து தொழுங்கள் என்று சயாமா சொல்லியிருந்தார். அதாவது சஜ்தா கிடையாது. நெற்றியைத் தரையில் வைக்கக் கூடாது.

இதை மற்றவர்களுக்கு விளக்குவது கஷ்டம். மகளுக்குப் பின்னால் எனக்கு ஒரு ஆண் பிள்ளை பிறந்து பத்தே நாளில் போய்விட்டான். வீட்டில் யார் முன்னாலும் அழக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். அந்த வருடம் நான் அழுததெல்லாம் தொழுகைப் பாயில்தான், நெற்றி தரையில் இருக்கும்போதுதான். அதற்கப்புறம் அந்த இடம் எனக்கு என் சொந்த இடமாகிவிட்டது. அங்கே இருக்கும்போது அடுப்பும் கூப்பிடாது, ஆளும் கூப்பிடாது. அதை விட்டுவிட்டு நாற்காலியில் ஏறி உட்கார் என்றால் எப்படி உட்காருவேன்?

அவர் பள்ளிவாசலுக்குப் போய் ஆலிம்சாவிடம் கேட்டு வந்தார். நோயாளி உட்கார்ந்து தொழலாம், அதற்கும் முடியாவிட்டால் படுத்துக்கொண்டும் தொழலாம், மார்க்கத்தில் சிரமம் இல்லை என்று பதில். மகள் போனில் அதையே சொன்னாள், பக்கத்து வீட்டம்மாவும் சொன்னார். எல்லோரும் எனக்கு அனுமதி கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நான் யாரிடமும் அனுமதி கேட்கவே இல்லை.

அதனால் ஒரு திருட்டு வேலை செய்தேன். அவர் வீட்டில் இருக்கும் வேளைகளில் நாற்காலியில் தொழுவேன். காலை எட்டரை மணிக்கு அவர் கிளம்பியதும் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போகிற வரை காது கொடுத்துக் கேட்பேன். அப்புறம் கதவைத் தாழிட்டு, பாயை விரித்து, லுஹா தொழுவேன். அது கடமையல்ல, முற்பகலில் விரும்புகிறவர்கள் தொழுவது. இறங்கும்போது வலிக்கும், எழும்போது அதைவிட வலிக்கும், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டுதான் எழுவேன். ஆனால் நெற்றி தரையில் பட்டதும் மனசு குளிர்ந்துவிடும்.

தொழுது முடித்ததும் பால்கனிக்குப் போய்க் கயிற்றை இறக்குவேன். ரங்கூனில் மாடி வீடுகளுக்கெல்லாம் இந்தக் கயிறு உண்டு. நுனியில் ஒரு கிளிப்பும் பையும், மேலே ஒரு மணி. கீழே கீரைக்காரி பையில் போட்டு இழுத்து ஆட்டினால் மணி அடிக்கும், நான் மேலே தூக்கிக்கொள்வேன். சின்ன மீனும் கீரையும் அந்த வழியாகத்தான் வரும். அப்படிக் கயிற்றை இறக்கும்போதெல்லாம் ஒரு காட்சியைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வரும். எட்டரைக்கே இறங்கிய மனிதர் எதிர் டீக்கடையில், சாலையோர முக்காலியில், எங்கள் பால்கனியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் கயிற்றை இறக்கிய பிறகு மெதுவாக எழுந்து போவார். கடை திறக்க ஒன்பதே முக்கால் ஆகிவிடுகிறதாம், மார்க்கெட் ஆட்களே என்னிடம் சொன்னார்கள்.

"பொண்டாட்டி முதுகு ஒடிஞ்சு கெடக்கா, ஒங்களுக்கு டீக்கடை அரட்டை கேக்குதாக்கும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரு டீதானே புள்ள" என்றார்.

அப்புறம் ரமலான் வந்தது. நோன்பு நாளிலும் அவர் அதே முக்காலியில், முன்னால் ஒரு கிளாஸ்கூட இல்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். நோன்பு வைத்தவருக்கு டீக்கடையில் என்ன வேலை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயதானால் புத்தி மழுங்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். யாருடைய புத்தி மழுங்கியிருந்தது என்பது அந்த மாதத்திலேயே தெரிந்துபோனது.

முதல் வெள்ளிக்கிழமை மாத்திரையைப் பற்றி யோசித்தேன். விடிந்த பிறகு தண்ணீர் குடிக்க முடியாது. சயாமாவிடம் கேட்கலாம், ஆனால் கேட்டால் நோன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். சஜ்தாவை எடுத்துக்கொண்டார்கள், நோன்பையும் கொடுக்க நான் தயாராக இல்லை. நானே மூளையைக் கசக்கினேன். வெறும் வயிறு என்பதுதானே முக்கியம்? நாள் முழுக்க நோன்பிருந்து, பொழுது சாய்ந்து, நோன்பு திறக்கிற நேரத்தைவிட வெறுமையான வயிறு உலகத்தில் உண்டா? கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

நோன்பு திறக்கும் நேரத்துக்கு அவர் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். பாங்கு சொன்னதும் வழக்கப்படி முதலில் ஒரு பேரீச்சம்பழம் சாப்பிட்டேன். அடுத்து மாத்திரை. அதை விழுங்க, கைக்கு எட்டிய பால் சர்பத்தில் இரண்டு மிடறு. மேலே ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சி. உடனே மஃரிபு தொழுகை. வீட்டில் யாருமில்லை, புனித மாதம் வேறு, நாற்காலியை எட்டிக்கூடப் பார்க்காமல் பாயை விரித்தேன். மூன்று ரக்அத்துக்கு ஆறு முறை நெற்றியைத் தரையில் வைத்தேன். மாத்திரையும் என்னோடு சேர்ந்து ஆறு முறை கவிழ்ந்திருக்கும்.

முதல் வாரம் நெஞ்செரிச்சல். பஜ்ஜி சாப்பிட்டதால் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் முழுங்கும்போது ஏதோ மாட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. மூன்றாவது வெள்ளி கழிந்த சனிக்கிழமை நெஞ்சுக்குள் நெருப்பு. எச்சில்கூட இறங்கவில்லை. மாரடைப்பு என்றே நினைத்துக் கலிமா சொல்லிக்கொண்டேன். அவர் என்னை டாக்சியில் ஏற்றிக்கொண்டு ஓடினார்.

சயாமா இதயத்தைப் பார்த்தார், சரியாக இருந்தது. பிறகு, "மாத்திரையை எப்படிப் போட்டீங்க, அமே?" என்று கேட்டார். அமே என்றால் அம்மா, என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நானும் என் சாமர்த்தியத்தைச் சொன்னேன். பேரீச்சம்பழம், மாத்திரை, சர்பத், கஞ்சி. சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"அப்புறம்?"

"அப்புறம் மஃரிபு தொழுதேன்."

"நாற்காலியிலயா?"

பொய் சொல்லவும் மனம் வரவில்லை, நோன்பு மாதம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரைப் பார்க்கவும் துணிவில்லை.

"தரையிலதான், சயாமா" என்று அவர் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சயாமா கோபித்துக்கொள்ளவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. தொண்டைக் குழாய் வெந்து புண்ணாகியிருக்கிறது, மாத்திரையை நிறுத்த வேண்டும், இனி அதைத் தரவே முடியாது என்றார். பாலோடும் கஞ்சியோடும் போனதால் அந்த மூன்று வாரமும் எலும்புக்கு ஒரு பலனும் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், விடியுமுன் சாப்பிடுகிற சஹருக்கு அரை மணி நேரம் முன்னால் எழுந்து வெறும் தண்ணீரோடு போட்டுக்கொள்ளுங்கள், நோன்பும் வையுங்கள் என்று சொல்லியிருப்பேனே என்றார். புது எக்ஸ்ரேயில் பழைய கட்டைக்கு மேலே இருந்ததும் ஓரத்தில் அமுங்கத் தொடங்கியிருந்தது. இன்னும் ஒன்றிரண்டு போனால் நடமாட்டமே சிரமம் என்று, என்னைப் பார்த்தல்ல, அவரைப் பார்த்துச் சொன்னார்.

டாக்சியில் வீடு திரும்பினோம். வீட்டுப் படியில் ஒவ்வொரு மாடியாக நின்று நின்று ஏறினோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது கேட்டேன்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ராத்திரி வீட்டுக்கு வர்றப்ப ஒன் நெத்தியில பாய் அச்சு இருக்கும், புள்ள. ஒருநாள் காலையில கடைச் சாவிய மறந்துட்டுத் திரும்பி வந்தப்பவே பாத்துட்டேன். முதுகு ஒடிஞ்ச மாசத்துலேர்ந்தே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவியா? எனக்குத் தெரியாத நேரமாப் பாத்துத் தொழுவ. இதுன்னா எட்டரைக்கு மேலேன்னு எனக்குத் தெரியும். கீழ உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன். கயிறு எறங்குச்சுன்னா நீ எந்திரிச்சுட்டன்னு அர்த்தம். அப்புறம் கடைக்குப் போவேன்."

"எறங்கலேன்னா?"

"ஓடி வர்றதுக்குத்தான் உக்காந்திருக்கேன்" என்றார்.

படிக்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தப் பிள்ளை போனபோதுகூட அவர் முன்னால் நான் அழுததில்லை. மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போனார்.

தொண்டை ஆற ஆறு வாரம் ஆனது. கஞ்சியும் தயிரும்தான் இறங்கின. விட்ட நோன்புகளை மறு வருடம், சயாமாவிடம் கேட்டுக்கொண்டே வைத்தேன். வருடத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் மருந்து சில வருடங்கள் கழித்துக் கிடைக்கத் தொடங்கியபோது அதற்கு மாறினேன். வெயில், மீன், கால்சியம் எல்லாம் இன்றுவரை தொடர்கிறது. அதற்கப்புறம் எலும்பு எதுவும் உடையவில்லை. போன இரண்டு அங்குலம் போனதுதான். தையற்காரி நோட்டில் என் பழைய அளவை அடித்துவிட்டுப் புதியதை எழுதிக்கொண்டாள். அவளிடம் மன்னிப்பும் கேட்டேன்.

அந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு நாள் இருக்கும். அவர் கிளம்புவதற்காகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு, நாற்காலியை இழுத்துத் தொழுகிற திசையான கிப்லாவைப் பார்த்துப் போட்டு, அவர் கண் முன்னாலேயே உட்கார்ந்து லுஹா தொழுதேன். சஜ்தாவுக்குத் தலையை மட்டும் தாழ்த்தினேன். நெற்றிக்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் காற்று. எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் என் சொந்த இடம் என்று நான் நினைத்திருந்த இடத்துக்கு, நான் போன ஒவ்வொரு முறையும் ஒரு மனிதர் மூன்று மாடிக்குக் கீழே உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார் என்பது தெரிந்த பிறகு, அங்கே எப்படி நிம்மதியாக இருப்பேன்?

நான் ஸலாம் கொடுத்து முடித்தபோது அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். வர்றேன் என்று மட்டும் சொன்னார். செருப்புச் சத்தம் படியிறங்கிப் போயிற்று. எழுந்து போய்ப் பால்கனியில் கயிற்றை இறக்கினேன். கீரைக்காரி வந்து நின்றாள். எதிர் டீக்கடையில் அவருடைய முக்காலி காலியாக இருந்தது. உள்ளே திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது.